விபிஎன் சந்தா கட்டும் முன்: வரிசையாகச் சரிபார்க்க ஒரு முழு வழிகாட்டி

விபிஎன் என்பது உங்கள் இணையப் போக்குவரத்தை, அதாவது நீங்கள் அனுப்பும், பெறும் தரவைத் தன் சர்வர் வழியாக மறைத்து அனுப்பும் சேவை. அதை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பாதையில்தான் போகிறார்கள். "சிறந்த விபிஎன்" என்று தேடுகிறார்கள், பட்டியலில் முதலில் இருக்கும் பெயரைச் சொடுக்குகிறார்கள், இரண்டு மூன்று வருடச் சந்தாவுக்குப் பெரிய தள்ளுபடி என்று கண்டதும் பணம் கட்டிவிடுகிறார்கள். சோதித்துப் பார்க்கும் எண்ணம் அதற்கப்புறம்தான் வருகிறது. அதற்குள் பணத்தைத் திரும்பக் கேட்கும் கெடு முடிந்திருக்கும்.

புதியவர்கள் தடுமாறுவது தொழில்நுட்பத்தில் அல்ல, வரிசையில் என்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன். விலையில் தொடங்கி, நம்பகத்தன்மையைக் கடைசியில் பார்க்கிறார்கள். உங்கள் இணைய இணைப்பு நிறுவனம் இதுவரை பார்த்துவந்த போக்குவரத்தை இனி விபிஎன் நிறுவனம் பார்க்கப்போகிறது. பார்க்கிறவர் மாறுகிறார், அவ்வளவுதான். அந்தப் புதிய ஆள் யார் என்று தெரியாமல் விலை பேசுவதில் பொருளில்லை. அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். முதல் ஆறு படிகளுக்குக் காசு எதுவும் தேவையில்லை. அவற்றிலேயே பல பெயர்கள் உதிர்ந்துவிடும்.

முன்கூட்டியே வேண்டியவை: ஒரு கணினி, ஒரு ஃபோன், வைஃபையும் மொபைல் டேட்டாவும், சந்தாக்களுக்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி, குறிப்பு எழுத ஒரு தாள். தாளை விட்டுவிடாதீர்கள். மூன்று சேவைகளை ஒப்பிடும்போது எந்த எண் எதற்குரியது என்பது அரைமணி நேரத்தில் மறந்துவிடும்.

1. எதற்காக என்று ஒரே வரியில் எழுதுங்கள்

விபிஎன் செய்வது இரண்டு வேலை. உங்கள் கருவிக்கும் விபிஎன் சர்வருக்கும் நடுவே போகும் தரவை மறையாக்கம் செய்கிறது, அதாவது பிறர் படிக்க முடியாதபடி மாற்றுகிறது. நீங்கள் போகும் தளத்துக்கு உங்கள் ஐபி முகவரிக்கு (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) பதிலாகத் தன் சர்வரின் முகவரியைக் காட்டுகிறது.

அது செய்யாதவையும் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் கணக்கில் லாகின் செய்தால் அந்தத் தளத்துக்கு நீங்கள் யாரென்று தெரியும். குக்கிகளும் பிரவுசரின் தனித்த அடையாளங்களும் அப்படியே இருக்கும். வைரஸை விபிஎன் பிடிக்காது. போலித் தளத்தில் நீங்களே கடவுச்சொல்லைத் தட்டினால் அதையும் தடுக்காது. வங்கித் தளம் உட்படப் பெரும்பாலான தளங்கள் இன்று எச்டிடிபிஎஸ் (உங்களுக்கும் தளத்துக்கும் நடுவே தரவை மறையாக்கும் முறை) வழியாக இயங்குவதால், பொது வைஃபையில் உங்கள் கடவுச்சொல் அப்பட்டமாகத் தெரியும் என்ற பழைய பயமும் பெரும்பாலும் பொருந்தாது. எந்தெந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது மட்டும் வலையமைப்பை நடத்துகிறவருக்கு இன்னும் தெரியும். விபிஎன் மறைப்பது முக்கியமாக அதைத்தான்.

இப்போது உங்கள் வரியை எழுதுங்கள். "இணைப்பு நிறுவனம் என் உலாவலைப் பார்க்கக் கூடாது" என்றால் கசிவில்லாத ஆப்பும் நல்ல கில் ஸ்விட்ச்சும் (விபிஎன் அறுந்தால் இணையத்தை நிறுத்தும் வசதி) போதும், நூறு நாட்டுச் சர்வர்கள் எதற்கும் உதவாது. "வெளியூரில் இருக்கும்போது என் வீடியோ சந்தாவைப் பார்க்க வேண்டும்" என்றால் அந்த ஒரு தளம் திறக்கிறதா என்பதுதான் தேர்வு. அந்தத் தளத்தின் விதிகள் அதை அனுமதிக்கின்றனவா என்றும் பாருங்கள். "டோரன்ட்" என்றால் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்புகளை விபிஎன் வழியாக உங்கள் கருவிக்குள் விடும் வசதி) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், நல்ல பெயர் எடுத்த சில நிறுவனங்களே அதை நிறுத்திவிட்டன. விபிஎன்னைத் தடுக்கும் வலையமைப்பில் இருக்கிறீர்கள் என்றால், விபிஎன் போக்குவரத்தைச் சாதாரணப் போக்குவரத்துபோல் காட்டும் வசதி வேண்டும். அதற்கும் முன்னால், நீங்கள் இருக்கும் நாட்டில் விபிஎன் சட்டப்படி செல்லுமா என்று உறுதிசெய்யுங்கள்.

உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்து உள்ளவர்கள் சந்தா விபிஎன் ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. அவர்களுக்கு டோர் (போக்குவரத்தைப் பல சர்வர்கள் வழியாகச் சுற்றி அனுப்பி ஆளை மறைக்கும் இலவச வலையமைப்பு) போன்ற வேறு கருவிகளும், விவரம் தெரிந்தவர்களின் நேரடி ஆலோசனையும் வேண்டும்.

இந்த வரி இல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். பிறகு விளம்பரங்கள் உங்கள் தேவையை உங்களுக்காக முடிவுசெய்துவிடும்.

2. மூன்று பெயர்களைப் பொறுக்குங்கள்

விமர்சனத் தளங்களின் பட்டியல்களை மட்டும் நம்பாதீர்கள். அவற்றில் பல, தங்கள் இணைப்பு வழியாகச் சந்தா சேர்ந்தால் கமிஷன் வாங்குகின்றன. சில இடங்களில் உறவு அதைவிட நெருக்கம். எக்ஸ்பிரஸ்விபிஎன், சைபர்கோஸ்ட், பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ் ஆகிய மூன்றையும் வைத்திருக்கும் கேப் டெக்னாலஜீஸ், 2021-ல் விபிஎன்மென்டர் என்ற விமர்சனத் தளத்தை நடத்தும் நிறுவனத்தையும் வாங்கியது. அந்தத் தளம் சொல்வதெல்லாம் பொய் என்று அர்த்தமில்லை. ஆனால் மதிப்பெண் போடுகிறவரும் தேர்வு எழுதுகிறவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள் என்பதை மனதில் வைத்துப் படியுங்கள்.

என் பழக்கம் இது: எந்தச் சேவை எந்தக் குறையால் விழுந்தது என்று எழுதும் கட்டுரைகளைத் தேடுவேன். பெயரோடு "கசிவு", "வழக்கு", "தரவு வெளியீடு" போன்ற சொற்களை ஆங்கிலத்தில் சேர்த்துத் தேடினால் ஐந்து நிமிடத்தில் நிறையத் தெரிந்துவிடும்.

இலவச விபிஎன்னைப் பட்டியலில் சேர்க்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். காசு எங்கிருந்து வருகிறது என்று தெளிவாகச் சொன்னால் சேர்க்கலாம். புரோட்டான் விபிஎன்னின் இலவசத் திட்டம், கட்டணம் செலுத்துகிறவர்களின் பணத்தில் ஓடுகிறது, கட்டுப்பாடுகளும் வெளிப்படையாக இருக்கின்றன. மறுபக்கம், ஹோலா என்ற இலவசச் சேவை தன் பயனர்களின் இணைப்பையே மற்றவர்களின் போக்குவரத்து வெளியேறும் வாசலாக விற்றது 2015-ல் தெரியவந்தது. ஃபேஸ்புக் 2013-ல் வாங்கிய ஒனாவோ நிறுவனத்தின் விபிஎன் ஆப், பயனர்கள் எந்த ஆப்களைப் பயன்படுத்துகிறார்கள் என்ற தகவலைத் தாய் நிறுவனத்துக்குத் தந்தது. ஆப்பிளின் அழுத்தத்தால் 2018-ல் அது ஆப் ஸ்டோரிலிருந்து போனது. ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் ஆய்வாளர்கள் 2016-ல் 283 ஆண்ட்ராய்டு விபிஎன் ஆப்களைச் சோதித்தபோது, 18 சதவீதம் மறையாக்கமே செய்யவில்லை, 75 சதவீதத்தில் பிறர் கண்காணிப்பு நிரல்கள் இருந்தன. பழைய ஆய்வுதான். ஆனாலும் ஆப் ஸ்டோரில் இருப்பதே தரச்சான்று என்று நினைப்பவர்கள் அந்த எண்களைப் பார்க்க வேண்டும்.

மூன்று பெயர் போதும். பத்து எடுத்தால் எதையும் முழுதாகச் சோதிக்க மாட்டீர்கள்.

3. உரிமையாளர் யார் என்று கண்டுபிடியுங்கள்

சேவையின் தளத்தில் "எங்களைப் பற்றி" பக்கத்தையும் பயன்பாட்டு விதிகளின் கடைசிப் பகுதியையும் திறங்கள். பதிவுசெய்யப்பட்ட நிறுவனப் பெயரும் முகவரியும் அங்கே இருக்க வேண்டும். அந்தப் பெயரைத் தனியாகத் தேடினால் தாய் நிறுவனம் வெளியே வரும்.

போட்டியாளர்கள் என்று நினைத்து ஒப்பிடும் இரண்டு சேவைகள் ஒரே குழுமத்தைச் சேர்ந்தவையாக இருக்கலாம். நார்ட்விபிஎன்னும் சர்ஃப்ஷார்க்கும் 2022-ல் ஒரே குடையின்கீழ் வந்தன. அது குற்றமில்லை. உங்கள் மூன்று பெயர்களும் உண்மையில் மூன்றுதானா என்று தெரிந்துகொள்ளவே இந்தப் படி.

நிறுவனத்தை நடத்துகிறவர்களின் பெயர் எங்குமே இல்லை, முகவரி வெறும் தபால் பெட்டி, ஆப் ஸ்டோரில் வெளியீட்டாளர் பெயர் வேறு, தளத்தில் வேறு என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். உங்கள் மொத்த இணையப் போக்குவரத்தையும் கேட்கிறவர் தன் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்றால் மேலே ஆராய ஒன்றுமில்லை.

4. தனியுரிமைக் கொள்கையைத் தேடிப் படியுங்கள்

முழுவதும் படிக்கத் தேவையில்லை. பிரவுசரில் தேடல் பெட்டியைத் திறந்து, ஐபி முகவரி, இணைந்த நேரம், பேண்ட்விட்த் (பயன்படுத்திய தரவு அளவு), மூன்றாம் தரப்பு, பகிர்வு ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். அவை வரும் வாக்கியங்களை மட்டும் மெதுவாகப் படியுங்கள்.

இங்கே புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பதிவுகள் இரண்டு வகை. எந்தத் தளத்துக்குப் போனீர்கள், எதைத் தரவிறக்கினீர்கள் என்பது செயல்பாட்டுப் பதிவு. எந்த ஐபியிலிருந்து, எத்தனை மணிக்கு இணைந்தீர்கள், எந்தச் சர்வர் முகவரி தரப்பட்டது என்பது இணைப்புப் பதிவு. "உங்கள் உலாவலை நாங்கள் பதிவுசெய்வதில்லை" என்ற வாக்கியம் முதல் வகையை மட்டும்தான் மறுக்கிறது. ஆனால் நேரமும் இரண்டு பக்க ஐபி முகவரிகளும் இருந்தால் ஆளைக் கண்டுபிடிக்க அதுவே போதும்.

2017-ல் அமெரிக்காவில் நடந்த ஓர் இணையத் துன்புறுத்தல் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். பதிவுகள் வைப்பதில்லை என்று விளம்பரம் செய்துவந்த பியூர்விபிஎன், ஒரே வாடிக்கையாளர் இரண்டு ஐபி முகவரிகளிலிருந்து சேவையைப் பயன்படுத்தியதை எஃப்பிஐ-க்குக் காட்ட முடிந்தது. ஒன்று அவர் வீடு, இன்னொன்று அவர் வேலை பார்த்த இடம். குற்றவாளி பிடிபட்டது நல்லதுதான். ஆனால் இல்லை என்று சொன்ன பதிவு இருந்திருக்கிறது. அந்த நிறுவனம் பின்னர் கொள்கையை மாற்றி வெளித் தணிக்கையும் செய்துகொண்டது. இன்னும் மோசமானது 2020-ல் நடந்தது: பதிவே வைப்பதில்லை என்று சொன்ன யுஎஃப்ஓ விபிஎன் உள்ளிட்ட சில இலவசச் சேவைகளின் பயனர் பதிவுகள், பூட்டில்லாத ஒரு சர்வரில் யாரும் பார்க்கும்படி கிடந்தன.

எதை ஏற்கலாம்? கணக்குக்கான மின்னஞ்சல், பணம் செலுத்திய விவரம், ஒரே நேரத்தில் எத்தனை கருவிகள் இணைந்துள்ளன என்ற எண்ணிக்கை, யாருடையது என்று பிரிக்க முடியாத மொத்தப் பயன்பாட்டு அளவு. இவை இல்லாமல் சேவை நடத்துவது கடினம். நீங்கள் இணையும் உங்கள் சொந்த ஐபி முகவரியும் இணைந்த நேரமும் சேமிக்கப்படுகின்றன என்றால், "சிறிது காலம் மட்டும்" என்று போட்டிருந்தாலும் நான் அந்தப் பெயரை அடித்துவிடுவேன்.

ஒரு சிறு எச்சரிக்கை: நிறுவனத்தின் வலைத்தளத்துக்கான கொள்கையும் விபிஎன் சேவைக்கான கொள்கையும் வெவ்வேறாக இருக்கலாம். வலைத்தளத்தில் குக்கிகள் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் படித்துவிட்டுச் சேவையே வேவு பார்க்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். எந்தப் பத்தி எதைப் பற்றியது என்று பாருங்கள்.

5. சொன்னதற்குச் சாட்சி இருக்கிறதா

கொள்கை என்பது வாக்குறுதி மட்டுமே. அதை வெளியார் யாராவது சரிபார்த்தார்களா என்பது அடுத்த கேள்வி. இதற்கு இரண்டு வகைச் சாட்சிகள் உண்டு.

முதலாவது தணிக்கை. "சுயேச்சையான தணிக்கை செய்யப்பட்டது" என்ற முத்திரையைக் கண்டதும் திருப்தி அடைந்துவிடாதீர்கள். நான்கு விஷயங்களைத் தாளில் எழுதுங்கள்: யார் செய்தது, எதைத் தணிக்கை செய்தது, எப்போது, முழு அறிக்கையைப் படிக்க முடிகிறதா. க்யூர்53 போன்ற நிறுவனங்கள் ஆப்பிலும் சர்வரிலும் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும். டெலாய்ட், கேபிஎம்ஜி போன்ற கணக்குத் தணிக்கை நிறுவனங்கள், பதிவு வைக்காத கொள்கையின்படி நிறுவனம் நடக்கிறதா என்று பார்க்கும். இரண்டும் வேறு வேலை. பிரவுசர் நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) மட்டும் தணிக்கை செய்துவிட்டுச் சேவை முழுவதும் தணிக்கையானதுபோல் விளம்பரம் செய்யவும் வாய்ப்பு இருப்பதால்தான் "எதை" என்ற கேள்வி முக்கியம்.

அறிக்கையில் குறைகள் பட்டியலிடப்பட்டிருந்தால் பயப்படாதீர்கள். குறை கண்டுபிடித்து, திருத்தி, அதையும் அறிக்கையில் சேர்த்திருந்தால் அது நல்ல அடையாளம். ஒன்றுமே கிடைக்கவில்லை என்று ஒரே பக்கத்தில் முடியும் அறிக்கைதான் எனக்குச் சந்தேகம் தருகிறது. தணிக்கை அந்த நாளின் நிலையை மட்டும் சொல்லும் என்பதால், ஒருமுறை செய்துவிட்டு நிறுத்திக்கொண்டவரைவிட ஆண்டுதோறும் செய்கிறவருக்கு அதிக மதிப்பெண் போடுங்கள்.

இரண்டாவது சாட்சி இன்னும் வலுவானது: அதிகாரிகள் கதவைத் தட்டியபோது என்ன கிடைத்தது? 2016-ல் அமெரிக்க வழக்கு ஒன்றில் பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸிடம் தகவல் கேட்கப்பட்டபோது பயனரைக் காட்டும் பதிவு எதையும் தர முடியவில்லை. துருக்கியில் ரஷ்யத் தூதர் கொல்லப்பட்ட வழக்கில் எக்ஸ்பிரஸ்விபிஎன்னின் சர்வரையே காவல்துறை கைப்பற்றியது, பயன்படும் தகவல் எதுவும் அதில் இல்லை. 2023 ஏப்ரலில் முல்வாட் என்ற விபிஎன் நிறுவனத்தின் சுவீடன் அலுவலகத்துக்குத் தேடுதல் ஆணையோடு வந்த போலீசார் வெறுங்கையோடு திரும்பினார்கள். எல்லா நிறுவனத்துக்கும் இப்படி நடந்திருக்காது, நடக்கவில்லை என்பது குறையும் அல்ல. நடந்திருந்தால் மட்டும் கணக்கில் எடுங்கள்.

விபத்து நடந்தபோது எப்படி நடந்துகொண்டார்கள் என்பதையும் பாருங்கள். பின்லாந்தில் நார்ட்விபிஎன் வாடகைக்கு எடுத்திருந்த ஒரு சர்வரில் 2018-ல் நடந்த ஊடுருவல், 2019 அக்டோபரில்தான் வெளியே தெரிந்தது. அதன்பின் அவர்கள் தணிக்கைகளைக் கூட்டி, வட்டு இல்லாமல் ரேமில் (மின்சாரம் நின்றால் அழிந்துவிடும் நினைவகம்) மட்டும் ஓடும் சர்வர்களுக்கு மாறினார்கள். தாமதத்தையும் திருத்தத்தையும் இரண்டையுமே குறித்துக்கொள்ளுங்கள்.

6. எந்த நாட்டுச் சட்டம், எந்த நெறிமுறை

நாட்டைப் பற்றி விளம்பரங்கள் மிகைப்படுத்தும். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்தின் உளவுக் கூட்டணிக்கு வெளியே இருக்கிறோம் என்பது மட்டும் பெரிய தகுதி இல்லை. பதிவு வைக்கும்படி விபிஎன்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் அங்கே உண்டா என்பதுதான் கேள்வி. இந்தியாவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில், விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று ஆணையிட்டதும், எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் ஆகியவை அங்கிருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. அந்த நாட்டு ஐபியை வேறு நாட்டுச் சர்வரிலிருந்து தருவது இதனால் பரவலானது. எனவே பட்டியலில் ஒரு நாட்டின் பெயர் இருந்தாலும் சர்வர் உண்மையில் எங்கே இருக்கிறது என்று அவர்கள் சொல்கிறார்களா பாருங்கள். மெய்நிகர் இடம் என்று வெளிப்படையாகக் குறிப்பிடுவதே நேர்மை.

நெறிமுறையில் (புரோட்டோகால், அதாவது கருவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறை) அதிகம் குழம்ப வேண்டாம். வயர்கார்டு இருந்தால் நல்லது: நிரல் சுமார் 4,000 வரிதான் என்பதால் ஆய்வாளர்கள் முழுதாகப் படித்துப் பார்க்க முடிகிறது, 2020-ல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிலும் சேர்ந்துவிட்டது. 2001 முதல் இருக்கும் ஓப்பன்விபிஎன் கொஞ்சம் மெதுவானாலும் நம்பகமானது. பிபிடிபி என்ற பழைய நெறிமுறை மட்டும் போதும் என்று ஒரு சேவை சொன்னால் விலகிவிடுங்கள், அது உடைக்கப்பட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. "ராணுவத் தர மறையாக்கம்" என்ற சொல்லுக்கு மதிப்பெண் தேவையில்லை. அது வழக்கமாகக் குறிக்கும் ஏஇஎஸ்-256 என்ற மறையாக்க முறை கிட்டத்தட்ட எல்லோரிடமும் இருக்கிறது.

பணம் கட்டும் முன் செய்ய இன்னும் ஒன்று இருக்கிறது. வாடிக்கையாளர் உதவிக்கு ஒரு கேள்வி அனுப்புங்கள்: "வயர்கார்டு இயல்பாகப் பயனரின் ஐபியைச் சர்வர் நினைவில் வைத்திருக்கும். நீங்கள் அதை எப்படிக் கையாள்கிறீர்கள்?" இத்தனை நிமிடம் தொடர்பில்லை என்றால் அழித்துவிடுவோம் என்பது போன்ற நேரடிப் பதில் வந்தால் மறுபக்கம் விஷயம் தெரிந்தவர் இருக்கிறார். "உங்கள் தனியுரிமை எங்களுக்கு மிக முக்கியம்" என்று மட்டும் வந்தால் அதையும் எழுதிவையுங்கள்.

7. ஒரு மாதச் சந்தா எடுத்து, அடிப்படை அளவுகளைக் குறியுங்கள்

மூன்றில் ஒன்றோ இரண்டோ இங்கே மிஞ்சியிருக்கும். மாதச் சந்தா, அல்லது பணம் திரும்பத் தரும் காலம் உள்ள சந்தாவை எடுங்கள். மாதக் கணக்கில் விலை கூடுதலாகத் தெரியும். பொருந்தாத சேவையில் இரண்டு வருடம் மாட்டிக்கொள்வதைவிட அது குறைந்த செலவு. முடிந்தால் நிறுவனத்தின் தளத்திலேயே வாங்குங்கள், ஏனென்றால் ஆப் ஸ்டோர் வழியாக வாங்கியதற்கு ரீஃபண்ட் பல சேவைகளில் ஆப்பிள் அல்லது கூகுள் விதிப்படியே நடக்கும்.

ஆப்பை நிறுவியவுடன் இணைக்காதீர்கள். முதலில் விபிஎன் இல்லாத நிலையில் உங்கள் ஐபிவி4 முகவரி (ஐபியின் பழைய வடிவம்), ஐபிவி6 முகவரி (புதிய வடிவம்) இருந்தால் அது, டிஎன்எஸ் சர்வர்களின் (தளப் பெயரை முகவரியாக மாற்றித் தருபவை) பெயர், பதிவிறக்க வேகம், பதிவேற்ற வேகம், பிங் (போய்த் திரும்பும் நேரம்) ஆகியவற்றைத் தாளில் எழுதுங்கள். பலர் இதைத் தவிர்த்துவிட்டு, பின்னால் திரையில் வரும் எண் தங்களுடையதா விபிஎன்னுடையதா என்று தெரியாமல் விழிக்கிறார்கள்.

நிறுவும்போது ஆப் கேட்கும் அனுமதிகளையும் கவனியுங்கள். தொடர்புகள், புகைப்படங்கள், மைக் ஆகியவற்றுக்கும் விபிஎன்னுக்கும் சம்பந்தமில்லை. ஆண்ட்ராய்டு ஆப் என்றால் எக்ஸோடஸ் பிரைவசி தளத்தில் பெயரைக் கொடுத்து அதனுள் இருக்கும் விளம்பரக் கண்காணிப்பு நிரல்களைப் பார்க்கலாம். கணினியில் மூலச் சான்றிதழ் (எந்தத் தளத்தை நம்பலாம் என்று கணினிக்குச் சொல்லும் ரூட் சர்டிஃபிகேட்) ஒன்றைச் சத்தமில்லாமல் நிறுவும் ஆப் என்றால் நீக்கிவிடுங்கள். தவறான கையில் அது எச்டிடிபிஎஸ் பூட்டையே திறக்கும் சாவியாகிவிடும்.

8. கசிவுச் சோதனை

விபிஎன்னை இணைத்து, டிஎன்எஸ் லீக் டெஸ்ட், ஐபிலீக், பிரவுசர்லீக்ஸ் போன்ற தளங்களில் இரண்டையாவது திறங்கள். தாளில் எழுதிய பழைய எண்கள் எங்காவது தெரிகின்றனவா என்பதை மட்டும் பாருங்கள்.

டிஎன்எஸ்: தளத்தின் பெயரை முகவரியாக மாற்றும் கேள்வி இது. உங்கள் இணைப்பு நிறுவனத்தின் சர்வர் பெயர் இங்கே தெரிந்தால், போக்குவரத்து மறைந்திருந்தாலும் போகும் இடங்களின் பட்டியல் அவர்களிடம் போய்க்கொண்டிருக்கிறது.

ஐபிவி6: ஆப் ஐபிவி4-ஐ மட்டும் கவனித்துவிட்டு ஐபிவி6-ஐத் திறந்தபடி விடுவது அடிக்கடி நடக்கும். மேலே சொன்ன 2016 ஆய்விலேயே 84 சதவீத ஆப்களில் இந்தக் கசிவு இருந்தது. உங்கள் வீட்டு இணைப்பில் ஐபிவி6 இல்லை என்றால் மொபைல் டேட்டாவில் மீண்டும் சோதியுங்கள். அங்கே இருக்க வாய்ப்பு அதிகம்.

வெப்ஆர்டிசி: வீடியோ அழைப்புக்காகப் பிரவுசரில் இருக்கும் வசதி. இதன் வழியாக உண்மையான ஐபி வெளியே தெரியலாம். ஒவ்வொரு பிரவுசரிலும் தனித்தனியாகப் பாருங்கள்.

இங்கே தவறாக முடிவெடுக்கும் சந்தர்ப்பங்கள் சில உண்டு. டிஎன்எஸ் பட்டியலில் கூகுள், கிளவுட்ஃபிளேர் என்று வந்தால் அது பிரவுசரின் பாதுகாப்பான டிஎன்எஸ் அமைப்பாக இருக்கலாம். அதை அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள். தளம் உங்கள் உண்மையான ஊரைக் காட்டினால், பிரவுசருக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அது ஜிபிஎஸ், வைஃபையிலிருந்து வருவது, விபிஎன் தவறல்ல. ஸ்பிளிட் டனலிங்கில் (சில ஆப்களை விபிஎன்னுக்கு வெளியே விடும் அமைப்பு) பிரவுசர் விலக்கப்பட்டிருக்கவும் கூடும். அப்புறம், பிரவுசர் நீட்சியை மட்டும் போட்டுவிட்டுச் சோதித்தால் பிரவுசர் பாதுகாப்பாகத் தெரியும். கணினியின் மற்ற ஆப்கள் எல்லாம் வெளியேதான் இருக்கும்.

9. கில் ஸ்விட்ச்சை வேண்டுமென்றே சோதியுங்கள்

நிலையான இணைப்பில் கசியாத ஆப், இணைப்பு அறுந்து திரும்பும் அந்தச் சில நொடிகளில் கசியலாம். கில் ஸ்விட்ச் அந்த இடைவெளியில் இணையத்தை முழுதாக நிறுத்த வேண்டும். பல ஆப்களில் இது இயல்பாக அணைந்திருக்கும். முதலில் அமைப்பில் போய் இயக்குங்கள்.

பிறகு ஐபி காட்டும் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொன்றாகச் செய்து புதுப்பித்துப் பாருங்கள்: வேறு நாட்டுச் சர்வருக்கு மாறுவது, டாஸ்க் மேனேஜரில் ஆப்பை வலுக்கட்டாயமாக மூடுவது, வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்குப் போவது, கணினியைத் தூங்க வைத்து எழுப்புவது, மறுதொடக்கம் செய்து ஆப் திறக்கும் முன்பே பக்கத்தைத் திறப்பது. பக்கம் திறக்காமல் நின்றாலும், விபிஎன் சர்வரின் ஐபியே தெரிந்தாலும் தேர்ச்சி. தாளில் எழுதிய உங்கள் சொந்த ஐபி ஒருமுறை தெரிந்தாலும் தோல்வி. கடைசி இரண்டில்தான் அதிகம் தோற்கின்றன.

ஆண்ட்ராய்டு 8-லிருந்து ஃபோனின் அமைப்பிலேயே, எப்போதும் இயங்கும் விபிஎன், விபிஎன் இல்லாத இணைப்புகளைத் தடுத்தல் என்ற இரண்டு பொத்தான்கள் உள்ளன. இரண்டையும் இயக்குங்கள். ஐஃபோனில் விபிஎன் இயங்குவதற்கு முன்பே திறந்திருந்த சில இணைப்புகள் வெளியே தொடர்வதைப் புரோட்டான் 2020-ல் வெளிப்படுத்தியது. இது இயங்குதளத்தின் வரம்பு என்பதால் ஒரு விபிஎன்னை மட்டும் குறைசொல்ல முடியாது. இன்னொன்றும் கேளுங்கள்: 2024 மே மாதம் டனல்விஷன் என்ற தாக்குதல் முறை வெளியானது. வைஃபை வலையமைப்பைக் கட்டுப்படுத்துகிறவர், விபிஎன் இணைந்திருக்கும்போதே போக்குவரத்தை வேறு வழியில் திருப்பிவிட முடியும் என்று அது காட்டியது. அதற்கு என்ன செய்தீர்கள் என்ற விளக்கம் உங்கள் சேவையின் தளத்தில் இருக்க வேண்டும்.

10. வேகம்

வேகச் சோதனைத் தளத்தில் எதிர்முனைச் சர்வரைக் கையால் தேர்ந்தெடுங்கள். தானாக விட்டால் அது விபிஎன் சர்வருக்குப் பக்கத்தில் ஒன்றை எடுக்கும், எண் அழகாக வரும், உண்மை தெரியாது. அருகில் உள்ள விபிஎன் சர்வர், உங்களுக்குத் தேவையான தூரத்துச் சர்வர் என இரண்டை மட்டும், காலையிலும் இரவு நெரிசல் நேரத்திலும் அளந்து அடிப்படை எண்ணோடு ஒப்பிடுங்கள். மூன்று முறை அளந்து நடு எண்ணை எடுத்தால் போதும்.

தூரம் செய்யும் தாமதத்துக்கு யாரையும் குறைசொல்ல வேண்டாம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். 10,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சர்வருக்குப் போய்த் திரும்ப 100 மில்லி நொடியாவது ஆகும். எந்த விளம்பரமும் இதைக் குறைக்காது. அருகில் உள்ள சர்வரிலேயே பாதி வேகம் போனால்தான் யோசிக்க வேண்டும், அதையும் வயர்கார்டுக்கு மாற்றிப் பார்த்த பிறகு.

11. ஒரு வாரம் அன்றாட வேலையில் ஓட்டுங்கள்

வங்கி ஆப், பணப் பரிமாற்ற ஆப், அலுவலக வீடியோ அழைப்பு, வீட்டு பிரிண்டர், நீங்கள் வழக்கமாகப் போகும் தளங்கள் எல்லாவற்றையும் விபிஎன்னோடு பயன்படுத்துங்கள். பலர் பகிரும் ஐபி என்பதால் சில தளங்கள் மனிதர்தானா என்று மீண்டும் மீண்டும் கேட்கும், சில மறுக்கும். அது தாங்கும் அளவா என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும். எரிச்சலில் தினமும் அணைத்துவைக்கும் விபிஎன்னுக்குச் சந்தா கட்டுவது வீண். இந்த வாரத்திலேயே ஃபோனின் பேட்டரியையும் பாருங்கள்.

12. கடைசியாகத்தான் விலை

இங்கே வந்தவர்களுக்கு இனி வேலை குறைவு. தள்ளுபடி விலைக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் புதுப்பிப்பு விலையைத் தேடுங்கள். முதல் தவணை மலிவாகவும் அடுத்தது இரட்டிப்பாகவும் இருக்கலாம். இரண்டையும் கூட்டி மாதத்துக்கு எவ்வளவு என்று வகுத்தால் வரும் எண்தான் உண்மையான விலை. சில சேவைகள் எத்தனை மாதம் எடுத்தாலும் ஒரே மாத விலை வைத்திருக்கின்றன. அங்கே கணக்கே வேண்டாம்.

வாழ்நாள் சந்தா என்று வருவதை எடுக்காதீர்கள். சர்வர் செலவு மாதாமாதம் வரும், உங்களிடம் வாங்கியதோ ஒரே முறை. விபிஎன்செக்யூர் என்ற சேவையை வாங்கிய புதிய உரிமையாளர்கள், பழைய வாழ்நாள் சந்தாக்களைத் தாங்கள் ஏற்கவில்லை என்று 2025-ல் ரத்து செய்துவிட்டார்கள்.

ரீஃபண்ட் விதியை முழுதாகப் படியுங்கள். கெடு எந்த நாளிலிருந்து தொடங்குகிறது, கிரிப்டோவிலோ கிஃப்ட் கார்டிலோ கட்டியவருக்கும் உண்டா, அதிகத் தரவு பயன்படுத்தினால் மறுப்பார்களா என்பவை அங்கேதான் இருக்கும். பணம் கட்டிய அன்றே கணக்குப் பக்கத்தில் ஆட்டோ ரினியூவலை அணைத்து, அந்தத் திரையைப் படமெடுத்து வையுங்கள். அணைத்தாலும் கட்டிய காலம் முழுவதும் பொதுவாகச் சேவை தொடரும். கெடு முடிய ஐந்து நாள் முன்பு நாட்காட்டியில் ஒரு நினைவூட்டல் போடுங்கள். அன்றைக்குள் 8, 9, 11 ஆகிய மூன்று படிகளும் முடிந்திருக்க வேண்டும்.

நீண்ட சந்தாவுக்கு மாறிய பிறகும் தாளைத் தூக்கி எறியாதீர்கள். இயங்குதளமோ விபிஎன் ஆப்போ பெரிய அளவில் புதுப்பிக்கப்படும்போது, அல்லது நிறுவனம் கைமாறியது என்று செய்தி வரும்போது, கசிவுச் சோதனையையும் கில் ஸ்விட்ச் சோதனையையும் மறுபடி ஓட்டி, தனியுரிமைக் கொள்கையின் கடைசித் திருத்தத் தேதியைப் பாருங்கள். பதினைந்து நிமிட வேலை.